12 போர் துவக்குக்குத் தோள்வார்: என்ன பட்டி, எங்க கொளுவுறது?

வரம்புக்காரன் கேட்டது:

வணக்கம். பயிர்க்காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோட இருக்கிற 12 போர் (குழல் துளையின்ர அளவு) இரட்டைக்குழல் துவக்கு ஒண்டுக்கு வார் போடவேணும். குழல் இரண்டும் பக்கத்துப் பக்கமா இருக்கிற பழைய இங்கிலீசுத் துவக்கு. குழல் நீளம் 28 அங்குலம், குதிரை (ஊசியைத் தட்டுற சுத்தியல்) வெளியில. வார் கொளுவ முன்னுக்கும் வளையமில்லை, பின்னுக்கும் இல்லை.

வயல் ஒட்டுசுட்டான் பக்கம். பெரும்போகக் காவலுக்கு வீட்டிலயிருந்து கொட்டிலுக்கு நடைதான். இடையில ஒரு வாய்க்கால், பிறகு சூரையும் காரையும் மண்டின ஒரு துண்டுக் காடு. ஒரு கையில டோர்ச், மற்றக் கையில சாமான் பை. அதால தோளில கொளுவாமல் சரிவராது. இப்ப நைலோன் கயிறு ஒண்டு குழலில ஒரு முனை, விசைக்காப்பில (விசையைச் சுத்தின தகட்டில) மற்ற முனை எண்டு கட்டியிருக்கு. கயிறு தோளை அறுக்குது. குனிஞ்சால் துவக்கு தலைகீழாத் திரும்புது.

கேக்கவேண்டியது இவ்வளவுதான். கட்டையில (தோளில வைச்சு வெடிக்கிற மரப்பகுதியில) துளை போடாமல் ஏலுமா? பட்டி எத்தினை அகலம்? நைலோனோ, தோலோ, கார் சீற் பெல்ட்டோ? நீளம் எப்பிடிக் கணக்கெடுக்கிறது? இணையத்தில ஒற்றைப்புள்ளி வார், மூன்றுபுள்ளி வார், தோட்டா செருகுற வார் எண்டு கனக்கக் காட்டுறாங்கள். அதுகள் எங்களுக்குத் தேவையா?

---

கடைசல்காரர்:

வேறெதையும் யோசிக்க முதல் விசைக்காப்பில கட்டின கயிற்றை அவிட்டுவிடுங்கோ. விசைக்காப்பு இரண்டு சின்ன ஸ்குரூவில நிக்கிற மெல்லிய தகடு. சுமை தாங்கச் செய்தது இல்லை. அது வளைஞ்சால் விசையில போய் முட்டும். அதைவிட மோசம், கயிறு தளர்ந்து காப்புக்குள்ள போய் விசையில சுத்திக்கொண்டால், தோளில இருந்து துவக்கை இழுக்கிற இழுவையே விசையை இழுத்துவிடும். வெளிக்குதிரைத் துவக்கில கயிறு குதிரையிலயும் மாட்டும்.

துவக்கு தலைகீழாத் திரும்புறதுக்கும் அந்தக் கட்டுத்தான் காரணம். இரட்டைக்குழல் துவக்கின்ர பாரம் சமப்படுற இடம் குழல் மடியிற மடிப்பு ஆணிக்குக் கிட்ட. விசைக்காப்பு அதுக்குப் பின்னால ஒரு சாண்கூட இல்லை. இரண்டு கட்டும் சமப்புள்ளிக்கு நல்லாத் தள்ளி, ஒண்டு முன்னால, ஒண்டு பின்னால இருந்தால் மட்டும்தான் துவக்கு முதுகோட ஒட்டி நிக்கும். பாதி வேலை இந்த இரண்டு இடத்தையும் சரியாப் பிடிக்கிறதுதான். பட்டி என்ன பட்டி எண்டது பிறகு.

பின்பக்கம், வளையம் கொளுவ ஓட்டைத் தலை உள்ள மர ஸ்குரூ ஒண்டு போடுற இடம்: கட்டையின்ர அடிப்பக்கம், கீழ்நுனியில இருந்து 6 முதல் 7 செ.மீ. முன்னுக்கு, நடுக்கோட்டில. நுனிக்கு இன்னும் கிட்டப் போனால் அங்க மரத்தின்ர இழை ஓடி முடியிற இடம், பிளக்கும். கனக்க முன்னுக்கு வந்தால் திரும்பத் தலைகீழ்ப் பிரச்சினை.

துளை போடுற ஒழுங்கு:

துவக்கை மடிச்சு, தோட்டா போடுற இரண்டு அறையும் வெறுமை எண்டு பார்த்து, குழலைக் கழட்டி வேற இடத்தில வையுங்கோ. கட்டையும் பூட்டுப் பகுதியும் (விசையும் குதிரையும் இருக்கிற பாகம்) மட்டும் மேசையில. பின்தகட்டைக் கழட்டி உள்ளுக்குப் பாருங்கோ. சில கட்டையில நீளவாக்கில நீட்டு ஆணி போகும், சிலதில பாரம் குறைக்கக் குடைஞ்சிருப்பாங்கள். ஸ்குரூ அந்தக் குடைவுக்குள்ள போனால் பிடிக்காது.

நடுக்கோட்டில ஆணியால ஒரு புள்ளி குத்துங்கோ. ட்ரில் ஊசி அளவு ஸ்குரூவின்ர மரை உச்சி அளவில்லை, மரைக்கு நடுவில இருக்கிற தண்டின்ர அளவு. வேர்னியரில அளந்து அதே அளவு ஊசி எடுங்கோ. வால்நட் மரம் காய்ஞ்சு இறுகி இருக்கும், ஊசி சிறுத்தால் மரம் வெடிக்கும். ஆழத்துக்கு ஊசியில ரேப் சுத்தி அடையாளம் வையுங்கோ. ஸ்குரூ நீளத்தைவிட 2 மி.மீ. கூட ஆழம் போதும். வாய்ப்பக்கம் ஸ்குரூவில மரை இல்லாத தடிச்ச கழுத்து இருக்கும். அதுக்கு, அந்தக் கழுத்தின்ர ஆழத்துக்கு மட்டும், பெரிய ஊசியால திரும்ப விரிக்கவேணும். கனபேர் விடுற படி இதுதான். கழுத்து ஆப்பு மாதிரி இறங்கி மரத்தைப் பிளக்கிறது இதாலதான்.

துளைக்குள்ள கொஞ்சம் வார்னிஷ் விட்டுக் காயவிடுங்கோ, மாரித் தண்ணி மரத்துக்குள்ள இறங்காது. மரையில சவர்க்காரம் பூசி, தலையில இருக்கிற ஓட்டைக்குள்ள ஒரு ஆணியைக் குடுத்து கையால சுத்துங்கோ. கடைசியில அந்த ஓட்டை கட்டைக்குக் குறுக்கே, இடத்துக்கும் வலத்துக்குமா நிக்கவேணும். அப்பதான் பட்டி முறுக்காமல் தட்டையா வரும். ஒரு கால் சுற்று குறையுது எண்டு பலத்தைப் போட்டு இறுக்காதேங்கோ. கழட்டி, அடியில மெல்லிய வொஷர் ஒண்டு போட்டால் ஓட்டை சரியான பக்கத்தில வந்து நிக்கும்.

முன்பக்கம் குழலில, முன்கட்டை (குழலுக்குக் கீழ கை பிடிக்கிற மரம்) முடியிற இடத்தில இருந்து 10 முதல் 15 செ.மீ. முன்னுக்கு. முன்கட்டையிலயே வளையம் போடுறது உங்கட மாதிரி மடிக்கிற துவக்குக்குக் கூடாது. முன்கட்டை ஒரு சின்னக் கொளுக்கியில குழலோட நிக்குது. சுமை அதில தொங்கினால் நாளடைவில கொளுக்கி தேய்ஞ்சு, முன்கட்டை தானாக் கழரும். கைக்குக் கிட்ட வளையம் இருந்தால் வெடிக்கேக்க துவக்குப் பின்னால வர, வளையம் விரல்ல அடிக்கும்.

குழலில துளையும் இல்லை, வெல்டிங்கும் இல்லை, பித்தளைப் பற்றும் இல்லை. இரட்டைக்குழலில இரண்டு குழலையும் சேர்க்கிற நடுப்பட்டை (மேற்பட்டை, அடிப்பட்டை) ஈயப்பற்றில நிக்குது. பித்தளை உருகிற சூடு பட்டால் பட்டை விடும். அடிப்பட்டையில ஈயப்பற்றால ஒரு வளையம் வைக்கலாம், ஆனால் அது துவக்குத் திருத்திப் பழகினவரின்ர வேலை. வேலை முடிஞ்சு வந்ததும் குழலை மட்டும் கழட்டி, குழலின்ர அடியில இருக்கிற கொக்கியில ஒரு விரலால தொங்கவிட்டு, பென்சிலால தட்டிப் பாருங்கோ. மணி மாதிரி நீட்டிக் கேக்கவேணும். செத்த சத்தமோ இரைச்சலோ வந்தால் பட்டை எங்கயோ விட்டிருக்கு. அப்பிடி இருந்தால் பாவிக்கக் கூடாது.

இன்னொண்டு. அனுமதிப்பத்திரம் உங்கட பெயரில. வேலை செய்ய எண்டு துவக்கைத் தச்சுப் பட்டறையில விட்டிட்டு வர ஏலாது. இலக்கம் வெட்டியிருக்கிற இடத்தில அரமோ உப்புத்தாளோ படவும் கூடாது.

---

தோல்வேலை:

கடைசல்காரர் சொன்னதில பின்பக்கத் துளையோட எனக்கு உடன்பாடில்லை. புதுத் துவக்கெண்டால் சரி. ஆனால் பழைய வால்நட் கட்டைக்குத் துளை தேவையே இல்லை. தோலால ஒரு துளையும் போடாமல் முடிக்கலாம், சாமான் செலவும் குறைவு.

பின்னுக்கு ஒரு தோல் உறை. கட்டையின்ர பின்முனையைச் சப்பாத்து மாதிரி மூடவேணும். சும்மா சுத்திக் கட்டுற பட்டை போடக்கூடாது. ஏனெண்டால் கட்டை பின்னுக்கு அகலம், முன்னுக்கு ஒடுக்கம். வார் இழுக்கிற இழுப்பு முன்னுக்கு. வெறும் பட்டை வழுக்கி ஒடுக்கமான பக்கம், அதாவது திரும்ப விசைக்கிட்ட, வந்து நிக்கும். பின்முனை மூடின உறை எண்டால் அந்த மூடின பக்கமே தடுத்துப் பிடிக்கும். 2 மி.மீ. தோல், 10 செ.மீ. ஆழம், சொரசொரப்பான பக்கம் உள்ளுக்கு. அடிப்பக்கத்தில இரும்பு டி வளையம் ஒண்டு, இரட்டைத் தோலுக்கு இடையில விட்டுத் தைக்கவேணும். வலப்பக்கத்தில கண்துளை போட்டு தோல்நாடாவால இறுக்கலாம். கன்னம் படுற பக்கத்தில முடிச்சு வரக்கூடாது, இடக்கைக்காரர் மாத்திப் போடுங்கோ.

முன்னுக்குச் சுருக்குவளையம். 25 மி.மீ. அகலப் பட்டையின்ர நுனியில கண் கீறி, மற்ற நுனியை அதுக்குள்ளால இழுத்துக் குழலைச் சுத்தவேணும். குழல் பின்னுக்குப் போகப் போகத் தடிக்கிறதால, இழுபட இழுபட ஒரு இடத்தில இறுகி நிக்கும். அந்த இடம் முன்கட்டைக்கு 8 செ.மீ. ஆவது முன்னுக்கு வரும்படி வளையத்தின்ர அளவைப் பிடியுங்கோ. மேற்பட்டைக்கு மேலால போற தோல் 2 மி.மீ. மேல் தடிக்கக்கூடாது. தடிச்சால் குழல்வாயில இருக்கிற குறிமணியை (குறிபார்க்கிற மணியை) மறைக்கும்.

தோல் வாங்கேக்க மரப்பட்டைச் சாயத்தில பதனிட்ட தோலாக் கேளுங்கோ. கைப்பைக்கு வாற மெதுவான தோல் சுமையில நீளும். கழிச்ச இடுப்புப் பெல்ட்டை வெட்டிப் போடுற வேலை வேண்டாம். கனக்கப் பெல்ட் உள்ளுக்கு அட்டை, மேல மட்டும் தோல்த்தாள்.

---

கடைசல்காரர்:

உறையின்ர பின்முனையை மூடவேணும் எண்டது சரியான விசயம், பழைய கட்டைக்கு அது நல்ல வழிதான். ஆனால் ஒண்டு சேர்த்துச் சொல்லவேணும். தோல் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். கார்த்திகை மார்கழியில தோல் வளையம் ஒரு கிழமை குழலில அப்பிடியே கிடந்தால், கழட்டேக்க வளைய அளவுக்கு ஒரு துருக்கோடு இருக்கும். கறுப்புப் பூச்சுத் தேய்ஞ்ச பழைய குழலில இன்னும் கெதியா வரும். ஆகவே வீட்டுக்கு வந்தவுடன வாரைக் கழட்டித் தனியக் காயவிடுங்கோ, குழலை ஒயில் துணியால துடையுங்கோ. கழட்டி வைக்க மனமில்லாதவைக்குத் தோல் சரிவராது.

தோலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுறது கனபேரின்ர பழக்கம். கொஞ்சமெண்டால் பரவாயில்லை. கனக்கப் பூசினால் தோல் தொய்ஞ்சு நீளும், பூஞ்சணமும் பிடிக்கும். தேன்மெழுகை உருக்கி, சூடா மெல்லிசாத் தேய்ச்சுவிட்டால் தண்ணி இறங்காது.

---

மாங்குளம் ரவுண்ட்:

பட்டியைப் பற்றி மட்டும் சொல்லுறன்.

அகலம் 25 அல்லது 32 மி.மீ. கடையில வாற கொளுக்கி வளையம் இந்த இரண்டு அளவுக்குத்தான் கனக்க வரும். 20 மி.மீ. தோளில இறங்கும். 50 மி.மீ. பட்டி சுகம்தான், ஆனால் வளையத்துக்குள்ள மடிஞ்சு முறுக்கி, கடைசியில கயிறுதான்.

நைலோன் பட்டி பலமானது, கெதியாக் காயும், ஆனால் வேர்வையில வழுக்கும், விளிம்பு வெறுந்தோளை அரிக்கும். பள்ளிக்கூடப் பையில வாற மினுங்கல் பொலிபுரொப்பிலீன் பட்டி மலிவு. வெய்யிலில ஒரு வருசம் கிடந்தால் தூள் கொட்டத் தொடங்கும், எடுக்காதேங்கோ. பருத்திப் பட்டி தோளில நல்லாப் பிடிக்கும், சத்தமில்லை. மழையில நனைஞ்சால் காய இரண்டு நாள், பூஞ்சணம் பிடிச்சால் உள்ளுக்குள்ள உக்கிப்போகும். இழுபடுற நியோப்ரீன் வார் எண்டு விக்கிறாங்கள். நடக்கேக்க துவக்கு மேலயும் கீழயும் ஆடும், வேண்டாம்.

சீற் பெல்ட்: ஏறக்குறைய 47 மி.மீ. அகலம் வரும். தோளில படுற நடுத்துண்டை முழு அகலத்தில விட்டு, இரண்டு நுனியையும் நீளவாக்கில இரண்டா மடிச்சுத் தைச்சால் 25 மி.மீ. வளையத்துக்குள்ளால போகும். இதுதான் மலிவில நல்லது. ஆனால் அது வழுக்கும். தோளில படுற அடிப்பக்கத்தில 30 செ.மீ. நீளத்துக்குக் கான்வஸ் துணி வைச்சுத் தைச்சுவிடுங்கோ. விளிம்பு பிசிறின, வெய்யிலில நிறம் போன பெல்ட் வேண்டாம், இழை பழுதாப் போச்சுது எண்டு அர்த்தம்.

தையல்: நுனியை 8 செ.மீ. மடிச்சு, சதுரம் போட்டு அதுக்குள்ள குறுக்கு மறுக்கா ஒரு பெருக்கல் அடையாளம். நூல் பொலியெஸ்ரர் அல்லது நைலோன். பருத்தி நூல் உக்கும். சப்பாத்துத் தைக்கிறவரிட்டக் குடுத்தால் மெழுகு நூலில தைச்சுத் தருவார். தையல் மெசினில தைக்கிறதெண்டால் அதே கோட்டில மூன்று தரம். வெட்டின நுனியை லைட்டரால உருக்கி, சூடாறமுதல் கரண்டியின்ர பின்பக்கத்தால தட்டையா அமத்துங்கோ.

நீளம் கூட்டிக் குறைக்க நடுக்கம்பி உள்ள ஸ்லைடர் ஒண்டு போதும். பிளாஸ்ரிக் எடுக்காமல் இரும்பு எடுங்கோ. பட்டியின்ர ஒரு நுனியை நடுக்கம்பியில சுத்தித் தைக்கவேணும். மற்ற நுனியை ஒரு வளையத்துக்குள்ளால எடுத்து, திரும்பிவந்து அதே ஸ்லைடருக்குள்ளால விட்டு, மறு வளையத்துக்குக் கொண்டுபோய்த் தைக்கவேணும். பள்ளிக்கூடப் பை வாரைப் பாருங்கோ, அதே கோர்வை. ஸ்லைடரைப் பின்வளையப் பக்கம் வையுங்கோ. தோளில வந்தால் எலும்பில குத்தும், முன்னுக்கு வந்தால் குழலில தட்டிச் சத்தம் போடும், பூச்சையும் சீவும்.

பட்டி 2 மீற்றர் வாங்கினால் காணும்.

---

வரம்புக்காரன்:

நன்றி அண்ணையவை. கயிறு அவிட்டாச்சு. பின்னுக்குத் தோல் உறை, பட்டி சீற் பெல்ட் எண்டு முடிவு. முன்னுக்கு மட்டும் இன்னும் குழப்பம். கிட்ட ஈயப்பற்று வைக்கத் தெரிஞ்சவர் இல்லை. தண்ணிக் குழாய்க்குப் போடுற ஹோஸ் கிளிப் ஒண்டைக் குழலைச் சுத்திப் போட்டு, அதில வளையம் வைக்கலாமோ? நீளம் எத்தினை எண்டும் ஒருத்தரும் இன்னும் சொல்லயில்லை.

---

மாங்குளம் ரவுண்ட்:

நீளம்: உங்கட துவக்கில இரண்டு கொளுவுமிடத்துக்கும் நடுவில 75 முதல் 80 செ.மீ. வரும். தோளில மட்டும் கொளுவ, வளையத்துக்கு வளையம் 95 முதல் 105 செ.மீ. குறுக்கே, தலைக்கு மேலால போட 130க்கு மேல வேணும். ஸ்லைடர் இருந்தால் இரண்டுக்கும் ஒரே வார். ஆனால் எழுத்தில வாற அளவை நம்பி வெட்டாதேங்கோ. தேங்காய்க் கயிறு ஒண்டைக் கட்டி, காவலுக்குப் போடுற அதே உடுப்போட, மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு கொளுவிப் பாருங்கோ. கட்டையின்ர நுனி இடுப்புக்குக் கீழ, முழங்காலுக்கு நல்லா மேல நிக்கவேணும். தாழ்ந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் கெண்டையில அடிக்கும். உயர்ந்தால் தோளில இருந்து கழட்ட முழங்கை மாட்டும்.

ஒற்றைப்புள்ளி வாரைக் கேட்டிருந்தீங்கள். ஒரே இடத்தில கொளுவித் தொங்கவிடுற வார் அது, குட்டைத் துவக்குக்கு. 28 அங்குலக் குழல் அதில தொங்கினால் குழல்வாய் நிலத்தை உழும். மூன்றுபுள்ளி வார் பின்னுக்கும் முன்னுக்கும் ஓடுற பட்டியால பூட்டை மறைக்கும், மடிக்கிற துவக்குக்கு இடைஞ்சல். தோட்டா செருகுற வாரில பத்துத் தோட்டா போட்டால் அரைக் கிலோவுக்குக் கிட்ட. அந்தப் பாரம் வாரிலயே ஊஞ்சலாடும், மழையில தோட்டாவின்ர பித்தளை அடி பச்சை பிடிக்கும். தோட்டா மூடின சட்டைப் பையிலதான் இருக்கவேணும்.

---

கடைசல்காரர்:

ஹோஸ் கிளிப் ஒற்றைக்குழலுக்கு அவசரத்துக்குப் போகும், இரட்டைக்குழலுக்குச் சரிவராது. இரண்டு குழலும் சேர்ந்த வடிவம் வட்டமில்லை. கிளிப் இரண்டு வெளிப்பக்கத்தில மட்டும் தொட்டு, மேலயும் கீழயும் பாலம் மாதிரி நிக்கும், இறுக்க இறுக்க வழுக்கும். பல் உள்ள விளிம்பு பூச்சைச் சீவும், மிஞ்சின வால் கையை வெட்டும்.

உங்களுக்குத் தோல்வேலை சொன்ன சுருக்குவளையம்தான் வழி. அதில ஒரு மாற்றம். வாரை நேரா அதில தைக்காமல், சுருக்குவளையத்தின்ர தொங்குற நுனியில ஒரு டி வளையம் தைச்சு, வாரின்ர முன்நுனியில பூட்டுக் கொளுக்கி ஒண்டு வையுங்கோ. வழியில வாரைக் கழட்டேக்க வளையத்தைக் குழலில இருந்து உருவத் தேவையில்லை, ஆனால் வீட்டுக்கு வந்தால் அதையும் உருவிக் காயவிடுங்கோ. கொளுக்கி நாய்ச்சங்கிலியில வாற மெல்லிய வில்லுக் கொளுக்கியா இருக்கக்கூடாது. வில்லு இளகினால் வாய் தானாத் திறக்கும். சுரையைச் சுத்தி இறுக்கிப் பூட்டுற கொளுக்கி அல்லது துவக்குக்கெண்டு வாற ஊசிப்பூட்டுக் கொளுக்கி எடுங்கோ. பூட்டின பிறகு வாரைப் பிடிச்சு, துவக்கின்ர பாரத்தைப்போல இரண்டு மடங்கு பலத்தில உதறிப் பாருங்கோ. துவக்கு 3 கிலோவுக்குச் சற்றுக் கூடக்குறைய வரும். வாய்க்காலைத் தாண்டிக் குதிக்கேக்க வாறது அதைவிடக் கூட.

இரும்பும் இரும்பும் தட்டிச் சத்தம் வந்தால் சைக்கிள் ரியூபில மோதிரம் மாதிரி ஒரு துண்டு வெட்டி டி வளையத்தில போடுங்கோ. ரியூபைக் குழலில சுத்தவேண்டாம். அதுக்குக் கீழ ஈரம் நிண்டால் தோலைவிட மோசம்.

---

வவுனிக்குளம் கீழ்:

ஒற்றைக்குழல், ரிப்பீற்றர் (முன்கட்டையை இழுத்துத் தோட்டா மாத்துற துவக்கு) வைச்சிருக்கிறவை இந்த இழையை வாசிச்சால் எண்டு சுருக்கமா எழுதுறன்.

ரஷ்ய, ஐரோப்பியத் துவக்கு கனக்கத்தில முன்பின் வளையம் இரண்டும் தொழிற்சாலையிலயே வரும். பழைய இங்கிலீசுத் துவக்கிலதான் இல்லை. வளையம் இருந்தால் வேற ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை, ஸ்குரூ ஆடுதா எண்டு மட்டும் பாருங்கோ. ஆடினால் தீக்குச்சி செருகுறது ஒரு மாசத்துக்குத்தான். பழைய துளையை விரிச்சு, தேக்கோ முதிரையோ சீவின முளையை எபொக்சி போட்டு அடைச்சு, ஒரு நாள் காயவிட்டுத் திரும்பத் துளையுங்கோ.

ரிப்பீற்றரில முன்வளையம் மகசீன் குழாயின்ர (குழலுக்குக் கீழ தோட்டா அடுக்கிற குழாயின்ர) மூடியில வரும். இழுக்கிற முன்கட்டையில ஒருநாளும் வளையம் போடக்கூடாது, வார் இழுபட்டால் பூட்டுத் திறக்கும். மூடியை மாத்தேக்க உள்ளுக்கு நீளச் சுருள்வில் இருக்கு, கையால அமத்திக்கொண்டு, முகத்தை விலத்தி வைச்சுக் கழட்டுங்கோ. திரும்பப் பூட்டேக்க மூடியை முழுசா இறுக்காமல் விட்டால் குழல் ஆடும். தொங்குற வார் முன்கட்டைக்கும் கைக்கும் நடுவில அகப்பட்டால் இழுவை பாதியில நிண்டு தோட்டா சிக்கும். அதால ரிப்பீற்றருக்கு வார் சற்றுக் குட்டையா, தொய்யாமல் இருக்கவேணும்.

பிளாஸ்ரிக் கட்டை உள்ளுக்கு வெறுமை. மர ஸ்குரூ அதில நிக்காது. பின்தகட்டைக் கழட்டி, உள்ளுக்கு வொஷரும் நட்டும் வைச்சுப் பூட்டுற மரையாணி போடவேணும்.

வாரின்ர நிறத்தையும் யோசியுங்கோ. உருமறைப்புப் புள்ளி போட்ட பட்டி வேண்டாம், வீதியில மறிச்சால் தேவையில்லாத கேள்வி. கறுப்பு அல்லது மண்ணிறம்.

---

தோல்வேலை:

வரம்புக்காரனுக்கு, வெளிக்குதிரைத் துவக்கெண்டபடியால் ஒரு சோதினை. துவக்கு வெறுமை எண்டு இரண்டு தரம் பார்த்திட்டு, குதிரையை இறக்கின நிலையில விரலால மெதுவா முன்னுக்கு அமத்திப் பாருங்கோ. அமத்தேக்க உள்ளுக்குப் போய், விட்டவுடன கொஞ்சம் பின்வாங்கினால் அது தோட்டாவைக் குத்துற ஊசியில தொடாமல் நிக்கிற வகை. அசையாமல் ஊசியிலயே படுத்திருந்தால் மிகப் பழைய வகை. அதில தோட்டா இருக்கேக்க குதிரையின்ர முதுகில ஒரு கிளை தட்டினாலே வெடிக்கும். அதைத் தோட்டாவோட தோளில கொளுவுற பேச்சே இல்லை.

எந்த வகையா இருந்தாலும் தோளில இருக்கேக்க அறை வெறுமையா இருக்கவேணும். இந்தத் துவக்குக்குத் தோட்டா போட இரண்டு செக்கன் காணும். பரணில ஏறேக்க தோளில கொளுவிக்கொண்டு ஏணி ஏறவேண்டாம். மடிச்சு, தோட்டாவை எடுத்து, வேற கயிறு கட்டி, குழல்வாய் ஆளுக்கு எதிர்ப்பக்கமா இருக்கத் தூக்குங்கோ.

---

வவுனிக்குளம் கீழ்:

குழல்வாய் மேலயோ கீழயோ எண்டும் கேள்வி வரும். மழைக்குக் கீழ பார்க்கக் கொளுவினால் தண்ணி இறங்காது, ஆனால் வரம்பில குந்தேக்க வாயில சேறு ஏறும். சேறு அடைச்ச குழலில வெடி வைச்சால் குழல் பிளக்கும், இரண்டு விரல்கடை சேறே காணும். சூரைப் பத்தைக்குள்ள மேல பார்த்தால் கொப்பில மாட்டும். வெட்டவெளியில குழல்வாய் மேல இருக்கக் கொளுவுங்கோ, பத்தைக்குள்ள போகேக்க வாரின்ர முன்கொளுக்கியைக் கழட்டி, வாரைச் சுருட்டிக் கட்டையோட சேர்த்துக் கையில பிடியுங்கோ. கொளுக்கி வைக்கச் சொன்னது அதுக்குத்தான்.

வாயைத் துணியால, தக்கையால அடைச்சு வைக்கிற பழக்கம் வேண்டாம், இருட்டில மறக்கும். வாரில கொளுவிக் கொட்டிலில தொங்கவிட்ட துவக்கெண்டால் குழலுக்குள்ள குளவி மண்கூடு கட்டும். தோட்டா போட முதல் மடிச்சு, பின்பக்கத்தால டோர்ச் அடிச்சு, இரண்டு குழலுக்குள்ளாலயும் மறுபக்கம் வட்டமாத் தெரியுதா எண்டு பாருங்கோ.

---

வரம்புக்காரன்:

குதிரை அமத்திப் பார்த்தன், பின்வாங்குது. டி வளையம் 25 மி.மீ. இரண்டும், இரும்பு ஸ்லைடரும், சுரை பூட்டுற கொளுக்கியும் எடுத்தாச்சு. தோல் மட்டும் வவுனியாவில பார்க்கவேணும்.

---

தோல்வேலை:

எடுக்கேக்க ஒரு மூலையை மடிச்சுப் பாருங்கோ. மடிப்பில மேற்பூச்சு வெடிச்சு வெள்ளை தெரிஞ்சால் விடுங்கோ. உறைக்கு 30க்கு 25 செ.மீ. துண்டு ஒண்டும், சுருக்குவளையத்துக்கு 40 செ.மீ. நீளப் பட்டை ஒண்டும் போதும். வெட்ட முதல் பழைய சீமெந்துப் பையின்ர தாளில உறையை வெட்டிக் கட்டையில சுத்திப் பாருங்கோ.